பெரியம்மா சொன்ன அளவு

என் அம்மா அஞ்சம்மாளுக்கு உயரம் நாலு அடி ஏழு அங்குலம். கல்யாணமான நாளிலிருந்து பலகை மேல் நின்றுதான் சமைத்திருக்கிறாள். வள்ளூரில் நாங்கள் குடியிருந்த வீடுகளின் சமையல் மேடைகளையெல்லாம் யாரோ நெட்டையர்கள் தங்களுக்கென்று கட்டி வைத்திருந்தார்கள். கடைசியாகச் சொந்தமென்று வாங்கிய இரண்டு அறை வீட்டிலும் அதே கதைதான். அந்தப் பலகையைக் காலாலேயே தள்ளிக்கொண்டு போவாள். குழம்புக்கு ஒரு தள்ளு, தாளிக்க ஒரு தள்ளு. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நான் டிப்ளமோ படித்தேன், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். வண்டிகளுக்குப் போகும் இரும்புச் சாமான்களை அளந்து, சரி, சரியில்லை என்று சொல்ல வேண்டும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்ட நானே முன்னால் நின்று புதுப்பித்த வீட்டில் சமையல் மேடை முழுசாக ஆறு அங்குலம் கூடிப்போனது.

அம்மா அப்பாவுக்கு இரண்டாம் தாரம். முதல் தாரம் அம்மாவின் கூடப்பிறந்த அக்கா ஈஸ்வரி, எனக்குப் பெரியம்மா. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய எங்கள் பக்கத்து ஆரணிக்கு அருகில், அப்பாவின் பூர்வீக வீட்டில் இரண்டு வருடம் வாழ்ந்து, இருபத்திரண்டு வயதில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். குழந்தை இல்லை. மாப்பிள்ளையை வெளியே விட்டுவிடக் கூடாது என்று தங்கையைக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு அப்போது பதினெட்டு வயது. சம்மதமா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

சுமங்கலியாகச் செத்தவள் எங்கள் பக்கத்தில் போய்விடுவதில்லை. பூவாடைக்காரியாகி வீட்டிலேயே இருப்பாள். எங்கள் வீட்டில் அவளுக்கென்று ஒரு மூங்கில் கூடை உண்டு. சேலை, வளையல், சீப்பு, கண்ணாடி, மஞ்சள் எல்லாம் அதில் இருக்கும். வருடா வருடம் தை மாதம் புதுச் சேலை வைத்துப் படைத்துவிட்டு, பழையதை வீட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பார்கள். அது நான். ஆனால் இளையாளுக்கு விதி வேறு. அம்மாவுக்கு எது வாங்கினாலும் முதலில் கூடைக்கு முன்னால் வைத்து, அக்கா கண்ணால் பார்த்து, பிறகுதான் அவள் தொட வேண்டும். தீபாவளிச் சேலை, ஒரு முழம் மல்லி, நான் வாங்கிக் கொடுத்த மூக்குத்தி, எல்லாம் அப்படித்தான். புது மிக்ஸியைக்கூட ஒரு நாள் முழுக்க அங்கே வைத்திருந்தாள். "உங்கக்கா சட்னி அரைச்சு முடிச்சிட்டாங்களா?" என்று கிண்டல் செய்ததற்கு என் முதுகில் ஒன்று விழுந்தது.

அப்பா பரசுராமன் எண்ணூர்ப் பக்கம் மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபதை நெருங்கும்போது அவருக்கு மூச்சிழுப்பு வந்தது. காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். எனக்கு உடனே ஆரணி வீடு ஞாபகம் வந்தது. நடுவில் வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், நாட்டு ஓடு. தொட்டிக்கட்டு வீடு என்பார்கள். பதினைந்து வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அதைச் சரிபண்ணி இருவரையும் குடிவைக்கப் போகிறேன் என்றதும் அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அவர் எதற்கும் அவ்வளவுதான்.

அம்மாவைக் கேட்டேன். "உனக்கு இன்னா வேணும், சொல்லு."

பலகையைக் காலால் ஓரம் தள்ளினாள். "எனக்குன்னு ஒரு மேடை. பலகை இல்லாம நின்னுக்கினு ஆக்கணும். அதுல மொதல்ல என் கைதான் படணும் பாப்பா. எனக்கு அப்புறம் யாரு வேணா தொடட்டும்."

நாற்பத்தைந்து வருடத்தில் அவள் வாயைத் திறந்து கேட்ட ஒரே பொருள் அது. "ரெண்டரை அடி மேடை, நீதான் மொதல்ல. நான் கேரண்டி" என்றேன். கேரண்டி கொடுப்பது என் தொழில்.

வேலையை எடுத்தவர் சாலமோன் மேஸ்திரி, கும்மிடிப்பூண்டிக்காரர். அவருக்குச் சித்தாள் சின்னப்பொண்ணு. வேலை தொடங்குவதற்கு முன்னால் அம்மா கூடையை என் கையில் கொடுத்தாள். "அவ வாழ்ந்த ஊடு. சொல்லாம கொள்ளாம இடிச்சா நல்லா இருக்காது. மொதல்ல அவளக் கூட்டிம்போய் அங்க உட்டுடு" என்றாள். கொண்டுபோய்ச் சமையலறை மூலையில் வைத்து, பூ வைத்து, நாலு வார்த்தை சொல்லிவிட்டு டூட்டிக்கு ஓடினேன்.

முதல் மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. ஓடு மாற்றினார்கள், தூணுக்கு எண்ணெய் பூசினார்கள், அப்பாவுக்காகக் கழிவறையில் கைப்பிடி வைத்தார்கள். நாலாவது சனிக்கிழமை மதியம் போனேன். சமையல் மேடை தயாராக இருந்தது. பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. டேப்பை எடுத்து வைத்தேன். சுத்தமாக மூன்று அடி.

"மேஸ்திரி, ரெண்டரை அடின்னு செவுத்துலயே எழுதிட்டுப் போனேனே?"

"எழுதினீங்க மேடம். பெரியம்மா வந்து மாத்தி சொன்னாங்களே. கைய இப்படி வெச்சுக் காட்டினாங்க. இந்த மட்டத்துக்கு ஏத்துன்னாங்க."

பெரியம்மா என்று அவர் சொன்னதை வீட்டுக்காரியின் அம்மா என்றுதான் எடுத்துக்கொண்டேன். பெரிய இடத்து வயசான பெண்களை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். கிழவி யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறி வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்! உடனே போன் போட்டேன்.

"நான் ஏன் அங்க போறேன்? உங்கப்பாவ உட்டுட்டு நான் மார்க்கெட்டுக்கே போறதில்ல" என்றாள் அம்மா.

சாலமோன் தன் தப்பை மூடி மறைக்கிறார் என்று முடிவு செய்தேன். அளவு தப்பினால் யார் மேலாவது பழி போடுவது எல்லா வேலைக்காரர்களுக்கும் உள்ள குணம். என் கம்பெனியில் தினமும் பார்க்கிறேன். இடித்துவிட்டுத் திரும்பக் கட்டச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமையும் மூன்று அடி. அதோடு குளியலறைத் துண்டுக் கம்பி என் தலைக்கு மேல் இருந்தது. கண்ணாடி மாட்டும் ஆணியும் அப்படியே. அம்மா அந்தக் கண்ணாடியில் முகம் பார்க்க வேண்டுமானால் ஏணி வைக்க வேண்டும்.

வாய்க்கு வந்தபடி கத்தினேன். சாலமோன் பூச்சுக் கரண்டியைச் சாந்துச் சட்டிக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"பேஜாரா பூடுச்சு மேடம். நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவங்க ஒண்ணு சொல்றாங்க. நான் இன்னாத்துக்குப் பொய் சொல்லப்போறேன்? சின்னப்பொண்ணையே கேளுங்க."

சின்னப்பொண்ணு மணல் சலித்துக்கொண்டிருந்தாள். "ஆமாங்க. பதினோரு மணி வாக்குல வருவாங்க. நடுவாசல்ல நல்லா வெய்யில் எறங்குமே, அப்போ. நாஷ்டா சாப்ட்டீங்களாமான்னு கேட்டா, இனிமேதான் ஆக்கணும்னுவாங்க."

"ஆளு எப்படி இருப்பாங்க?"

"ஒசரமா, ஒல்லியா. எழுவது வயசுக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கும். அரக்குக் கலரு பொடவ, மாங்கா பார்டரு. நல்ல மாதிரிதான்."

"எப்படி வராங்க? ஆட்டோவா, பஸ்ஸா?"

சின்னப்பொண்ணு சல்லடையை நிறுத்தினாள். அந்தக் கேள்வியை அவள் அதுவரை தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "தெருவுலேந்து வந்து நான் பாத்ததில்லீங்க" என்றாள். "எப்பவுமே உள்ளேருந்துதான் வருவாங்க."

சமையலறை மூலையைத் திரும்பிப் பார்த்தேன். கூடை இருந்தது. சிமெண்ட்டு வேலை நடக்கிற இடத்தில் ஐந்து வாரமாக இருக்கும் கூடை மேல் ஒரு பொட்டுத் தூசி இல்லை. முற்றத்தில் வெயில் பளீரென்று அடித்தது, தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

அரக்குக் கலரில் மாங்காய் பார்டர் வைத்தது போன தை மாதத்துக்கு முந்தின தைச் சேலை. படைத்து முடித்த பிறகு எனக்கு வந்தது. கும்மிடிப்பூண்டியில் நான் இருக்கும் வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து பார்த்தேன். மடித்தது மடித்தபடி இருந்தது. முகர்ந்து பார்த்தேன், பூச்சி உருண்டை வாசனைதான். அது எனக்கு ஆறுதலாக இல்லை. இருபத்திரண்டில் செத்தவளுக்கு எழுபது எப்படி ஆகும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு தோன்றியது, வருடம் தவறாமல் சோறும் சேலையும் வைத்தால் யாருக்குத்தான் வயதாகாது? எங்களோடு சேர்ந்து அவளும் கிழவியாகிக்கொண்டு வந்திருக்கிறாள்.

மறுநாள் வள்ளூருக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் பயமே இல்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கூடைய வெச்சிட்டு இன்னா சொன்னே?"

என்ன சொன்னேன்? அந்த மாதிரி நேரத்தில் சொல்ல வேண்டிய வார்த்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கம்பெனிக்கு வெளியாள் யாராவது பார்வையிட வந்தால் வாசலிலேயே நின்று பேசும் பேச்சு எனக்குப் பழக்கம். அதையே கொஞ்சம் மாற்றிப் போட்டிருந்தேன். "வாங்க பெரியம்மா, இது உங்க வீடு. உங்களுக்கு எப்படி வேணுமோ பக்கத்துல இருந்து சொல்லிக் கட்டிக்கோங்க" என்றிருந்தேன். மரியாதைக்குச் சொல்வதுதானே! வந்தவர்களிடம் உங்கள் வீடு மாதிரி என்று நாம் சொல்வதில்லையா? அவர்கள் என்ன பட்டாவா கேட்கிறார்கள்?

அம்மா கீரைக் கட்டைத் தரையில் போட்டாள். "'உன் தங்கச்சி ஊட்டுக்கு வந்து இரு'ன்னு சொல்லணும்டி. உன் ஊடுன்னு சொல்லலாமா? அவகிட்ட போய்? எனக்குன்னு கேட்ட ஒண்ணையும் அவளுக்கு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கியே!"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை.

அப்போதும் நான் விடவில்லை. ஆறு அங்குலம் கூடினதைச் சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை. இரண்டு நாள் லீவு போட்டேன். சாலமோன் பக்கத்திலேயே நின்று, பழையதை இடிக்க வைத்து, புதிதாகக் கட்ட வைத்து, கிரானைட் பலகையை ஏற்ற வைத்தேன். பதினோரு மணிக்கு யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் மாலை நாலு மணிக்கு என் சொந்த டேப்பால் மூன்று இடத்தில் அளந்தேன். எழுநூற்று அறுபத்திரண்டு மில்லிமீட்டர், இரண்டரை அடி, மூன்று இடத்திலும். கூடைக்கு முன்னால் நின்று, "பெரியம்மா, வாய் தவறிச் சொல்லிட்டேன். இது அம்மாவுக்கு" என்றேன். கதவைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை பால் காய்ச்ச நல்ல நேரம் பார்த்திருந்தோம். அம்மாவையும் அப்பாவையும் காரில் கூட்டிக்கொண்டு வந்தேன். அம்மா புதுப் பால் குண்டானை மடியிலேயே வைத்திருந்தாள். பூட்டு நான் பூட்டியபடியே இருந்தது. நானே திறந்தேன்.

மேடை மூன்று அடி.

டேப்பை வைத்துப் பார்த்தேன். அவமானத்தை விடப் பழக்கம் பெரியது. தொள்ளாயிரத்துப் பதினான்கு மில்லிமீட்டர். நேற்று பூசிய ஈரச் சிமெண்ட்டு வெகுகாலம் காய்ந்தது மாதிரி வெளுத்திருந்தது. கிரானைட்டின் விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்கு வழவழவென்று தேய்ந்திருந்தது, தினமும் ஒருத்தி வயிற்றை அணைத்து நின்று சமைத்த இடம்போல.

அம்மா மேடைக்கு முன்னால் போய் நின்றாள். முழங்கையைத் தூக்கித்தான் கையை மேலே வைக்க முடிந்தது. பிறகு வெளியே வந்து முற்றத்து வெயிலில் நின்று, சமையலறையைப் பார்த்துப் பேசினாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது மாதிரி சாதாரணக் குரல்தான்.

"அக்கா. நீ செத்தப்போ நான் மூணு நாளு சோறு துன்னல. உம்மேல உசுரா இருந்தேன். உன் புருசனக் கட்டிக்கச் சொன்னாங்க, கட்டிக்கினேன். நீ கட்டின பெறகு கட்டிக்கினேன், நீ வெச்ச பெறகு வெச்சிக்கினேன். ஒரு பூவு, ஒரு பொட்டு உன்ன முந்திக்கினு நான் தொட்டது கெடையாது. எனக்கு ஒரு மேடை குடுக்க உனக்கு மனசு வரலியா?"

சாலமோனும் சின்னப்பொண்ணும் கருவிகளை எடுத்துப்போக வந்தவர்கள், வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஓட்டின் மேல் இரண்டு காக்கைகள் இருந்தன. மணி பதினொன்று இருக்கும். வெயில் முற்றத்தின் நடுவுக்கு வந்திருந்தது.

அப்பா தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். காரில் வரும்போது இருந்த இழுப்பு நின்றிருந்தது. நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் நீட்டியிருந்த காலை மடக்கி, நாற்காலியைச் சற்று பின்னால் இழுத்துக்கொண்டார். குறுகலான இடத்தில் வீட்டு மனுஷி யாராவது கடந்து போனால் வழி விடுவோமே, அப்படி. அவர் கண் சமையலறையிலிருந்து கூடம் வரைக்கும் மெல்ல நகர்ந்து போனது. பிறகு காலைத் திரும்ப நீட்டிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

அம்மாவும் பார்த்தாள்.

"சரி" என்றாள். குண்டானைக் கொண்டுபோய் மேடை மேல் எக்கி வைத்தாள். "பால இங்கயே வெச்சிட்டுப் போலாம் பாப்பா. காய்ச்சறவங்க காய்ச்சிக்குவாங்க."

"அப்பா?"

"அவரு இருக்கட்டும். எடம் புச்சிருக்கு அவருக்கு."

காரில் ஏறச் சொன்னேன், கேட்கவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு விடுவிடென்று நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். அப்பா எங்களை அழைக்கவில்லை. கூடையும் அந்த மூலையிலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் அப்பாவைப் போய்ப் பார்க்கிறேன். இழுப்பு மருந்துக்கு வேலையே இல்லை, கன்னம் உப்பியிருக்கிறது. தன் வாழ்நாளில் வெந்நீர்கூட வைத்தறியாத மனிதர். முதல் வாரம் நான் சாப்பாடு கட்டி எடுத்துக்கொண்டு போனேன். "எதுக்கும்மா இதெல்லாம்? சாப்ட்டாச்சு" என்றார். பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டேன். அவர்கள் யாரும் கொடுக்கவில்லை. குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்தேன். கத்தரிக்காயும் காராமணியும் போட்ட குழம்பு, இன்னும் சூடாக இருந்தது. ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டேன், என் கெட்ட புத்தி. அம்மா கைப்பக்குவத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. புளி மட்டும் தூக்கல்.

இந்த மூன்று மாதத்தில் அம்மா எப்போது வருவாள் என்று அப்பா ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும் விடப் பயமாக இருக்கிறது. மேடையை நான் திரும்ப அளக்கவில்லை.

அம்மாவை நினைத்து எனக்கு ராப்பகலாக வேதனை. பெற்றவளுக்கு வீடு கட்டித் தருகிறேன் என்று கிளம்பி, இருந்த புருஷனையும் பறித்துக் கொடுத்துவிட்டு வந்தவள் நான். அம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. குழம்பைப் பற்றிச் சொன்னபோது, "அக்காவுக்குப் புளி கொஞ்சம் கை தாராளம்" என்று மட்டும் சொன்னாள்.

சாலமோனைக் கூட்டிக்கொண்டு போய் வள்ளூர் வீட்டு மேடையை இடித்துக் கட்டினேன். இரண்டரை அடி. ஒரே நாளில் முடிந்தது. மறுநாள் அளந்தேன், அப்படியே இருந்தது. "இங்க யாரும் வந்து மாத்தி சொல்லல மேடம்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

போன வாரம் பொங்கலுக்கு மறுநாள் போனேன். அம்மா தனியாக இருப்பாள், மூலையில் முடங்கிக் கிடப்பாள் என்று பயந்துகொண்டே கதவைத் தட்டினேன். திறந்தவளைப் பார்த்து ஒரு நிமிஷம் திகைத்துப்போனேன். கிளிப்பச்சையில் புதுச் சேலை. கடை மடிப்பின் கோடு இன்னும் கலையவில்லை, முந்தானை ஓரத்தில் விலைச் சீட்டு ஊக்கோடு தொங்கியது. தலை நிறையக் கனகாம்பரம். உள்ளே குக்கர் சத்தம் போட்டது; வானொலி வேறு பாடிக்கொண்டிருந்தது. அறுபத்துமூன்று வயதில் அவள் முகத்தில் ஏதோ திருட்டுத்தனம் செய்த சின்னப் பெண்ணின் களை.

பழக்கதோஷம். வாசல்படியிலேயே என் வாயில் வந்துவிட்டது.

"புதுப் பொடவயா? படைச்சியாம்மா?"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருக்கு?" என்றாள்.